கப்பு ஜெயிச்சா கண்ணை மூடிக்கணுமா?

"அதான் கப்பு ஜெயிச்சாச்சுல்ல, இன்னும் என்னடா நொட்டை சொல்லிட்டிருக்க?"

2018 மார்ச் 17க்கு அப்புறம் இந்த டயலாக்கை நான் எத்தனை பேர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்னு கணக்கே கிடையாது. பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்துல, பெங்களூர் ரசிகர்கள் முன்னாடியே, சென்னையின் எஃப்சி 3-2ன்னு அடிச்சு இரண்டாவது முறையா ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கிச்சு. அப்போ நான் மூணாம் வருஷ இன்ஜினியரிங். ராயப்பேட்டை மணிக்கூண்டு பக்கம் பைக்ல ரெண்டு ரவுண்டு கத்திட்டுதான் வீட்டுக்குப் போனேன். ஆக, நான் இந்த டீமுக்கு எதிரி, பெங்களூர் கைக்கூலி, ரகசிய கேரளா ரசிகன் என்கிற குற்றச்சாட்டுகளை எல்லாம் இப்பவே ஓரமா வெச்சிடுங்க சாமிகளா.

மேட்டருக்கு வருவோம். நம்ம ஊர்ல கால்பந்து பேசற கூட்டமே கம்மி. அந்தக் கூட்டத்துலயும் ஒரு எழுதப்படாத சட்டம் இருக்கு. தோத்தா மட்டும்தான் குறை சொல்லலாம். ஜெயிச்சா பாராட்டணும், இல்லேன்னா பொத்திக்கிட்டு இருக்கணும். மீறினா "நெகட்டிவ் பார்ட்டி", "திருஷ்டி வைக்கிறான்", "நீ என்ன ஜான் கிரிகோரியை விடப் பெரிய கோச்சா?" இந்தச் சட்டத்தைத்தான் நான் குப்பைத்தொட்டியில போடணும்னு சொல்றேன்.

அந்த 2017-18 சீசனையே எடுத்துப்போம். லீக்ல 18 மேட்ச். பெங்களூர் 40 புள்ளி, நாம 32 புள்ளி, இரண்டாவது இடம். சந்தோஷம். ஆனா போட்ட கோலைப் பாருங்க. மூணாவதா வந்த கோவா 42 கோல் போட்டுச்சு, பெங்களூர் 35. நாம 24! அதுல வாங்கினது 19. அதாவது ஒன்பது மேட்ச் ஜெயிச்ச டீமுக்குக் கோல் வித்தியாசம் வெறும் அஞ்சு. ஒரு கோல்ல ஜெயிச்சு, ஒரு கோல்ல தப்பிச்சு, நகத்தைக் கடிச்சுக்கிட்டே வந்து சேர்ந்த கணக்கு இது.

ஃபைனல்ல என்ன நடந்துச்சு? ஒன்பதாவது நிமிஷம் உதாந்தா வலது பக்கம் ஓடி வந்து கிராஸ் போட, சுனில் சேத்ரி பாய்ஞ்சு தலையால அடிச்சாரு. 1-0. அதுக்கப்புறம் நம்ம ரெண்டு கோலும் கார்னர்ல இருந்து. கிரிகோரி நெல்சன் தூக்கிப் போட, மைல்சன் ஆல்வெஸ் முட்டினாரு. 17வது நிமிஷம் ஒண்ணு, 45வது நிமிஷம் ஒண்ணு. ஒரு டிஃபெண்டர் ஃபைனல்ல ரெண்டு கோல்! மூணாவது ரஃபேல் அகஸ்டோ, 67வது நிமிஷம். அது அழகான கோல், அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைசி நிமிஷங்கள்ல மீக்கு ஒண்ணு போட்டு நம்ம வயித்துல புளியைக் கரைச்சாரு.

இதைப் பார்த்துட்டு ஒருத்தன் "கார்னரை நம்பித்தான் வண்டி ஓடுது. கோல் போட ஜெஜேவை விட்டா ஆள் இல்லை. கால்டெரோன், செரேனோ ரெண்டு பேருக்கும் வயசாச்சு. அடுத்த வருஷம் என்ன பண்ணப் போறோம்?"னு கேட்டா, அவன் துரோகியா? மேட்ச்சை ஒழுங்கா பார்த்தவன்னுதான் நான் சொல்வேன்.

நான் பொட்டி தட்டற ஆசாமி. எங்க பொழப்புல ஒரு வியாதி உண்டு. ரிலீஸ் போயிடுச்சு, கஸ்டமர் கத்தலை, அப்போ கோட் நல்லா இருக்குன்னு அர்த்தம். எவனாவது "இங்க ஒரு ஓட்டை இருக்கே"ன்னு மீட்டிங்ல சொன்னா மேனேஜர் முறைப்பாரு: "ஓடிட்டிருக்கறதுல ஏன் கை வைக்கிற?" கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் புட்டுக்கும்போது, அதே மேனேஜர் "யாருமே இதை முன்னாடி கவனிக்கலையா?"ம்பாரு. ஆணி புடுங்கற எல்லாருக்கும் இது தெரியும். தெரிஞ்சும், அதே ஆளுங்க நேரு ஸ்டேடியத்துக்குள்ள நுழைஞ்சதும் மேனேஜரா மாறிடறாங்க. அதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது.

சரி, அடுத்த சீசன் என்ன ஆச்சு? 2018-19. நடப்பு சாம்பியன். 18 மேட்ச்ல ரெண்டு ஜெயிப்பு, மூணு டிரா, பதிமூணு தோல்வி. ஒன்பதே புள்ளி. கடைசி இடம்! ஜெஜே சீசன் முழுக்கத் தடுமாறினாரு. அவருக்குப் பின்னாடி ஆள் இல்லாம ஜனவரியில கேரளாகிட்ட போய் சி.கே. வினீத்தைக் கடனா வாங்கினாங்க. செரேனோ போயிட்டாரு. முந்தின வருஷம் மயிரிழையில நம்ம பக்கம் விழுந்த ஒரு கோல் மேட்ச்செல்லாம் இந்த வருஷம் அந்தப் பக்கம் விழுந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம். டீம் ஒரே ராத்திரியில கெட்டுப் போகலை. இருந்த ஓட்டைதான், மேல கோப்பையை வெச்சு மூடியிருந்தோம்.

இதுல எனக்கு ரொம்ப வலிக்கிறது தன்பால் கணேஷ் விஷயம். வியாசர்பாடி பையன். ஃபைனலுக்கு முன்னாடி கோவாகூட நடந்த அரையிறுதியில, நம்ம ஊர்லயே, ஜெஜே ரெண்டு போட, இவர் தலையால ஒண்ணு போட்டாரு, 3-0. நடுக்களத்துல பந்தைப் புடுங்கறது, அடிவாங்கறது, எல்லா அழுக்கு வேலையும் அவரோடது. 2018ல முழங்கால் போச்சு. அடுத்த லீக் சீசன் பூரா வெளியே. ஒரு பையனோட முட்டி போனதும் மொத்த நடுக்களமும் காலி! மாற்று யாருன்னு முந்தின வருஷமே கேட்டிருக்கணுமா இல்லையா? கேட்டவங்களை "கணேஷைக் குறை சொல்றியா?"ன்னு மடக்கினாங்க. ஐயா, கணேஷைக் குறை சொல்லலை. கணேஷ் ஒருத்தர் தலையில இவ்வளவு பாரத்தை ஏத்தறீங்களேன்னுதான் கேட்டாங்க. ஆட்டக்காரன் மேல உண்மையான அக்கறை இதுல எது?

மாற்று ஆளே நம்ம ஊர்ல கிடையாதான்னு கேட்டா, அதே 2018-19ல கோயம்புத்தூர்ல பாருங்க. சென்னை சிட்டி எஃப்சி. பேர்ல சென்னை, ஆடறது கோவை நேரு ஸ்டேடியத்துல. அக்பர் நவாஸ்னு சிங்கப்பூர் கோச். ஸ்பெயின்காரர் பெட்ரோ மான்சி 21 கோல். கூடவே எட்வின் சிட்னி, ரொமாரியோ ஜேசுராஜ்னு தமிழ்நாட்டுப் பசங்க. 2019 மார்ச் 9, மினர்வா பஞ்சாபை 3-1ன்னு அடிச்சு, ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு புள்ளி அதிகமா எடுத்து ஐ-லீக் சாம்பியன். இங்க பெரியமேட்டுல நாம கடைசி இடத்துல உட்கார்ந்து முழிச்சிட்டிருந்தப்போ! சென்னைப் பையன் நந்தகுமார் 2017லயே டெல்லிக்குப் போயிட்டாரு. அப்புறம் ஒடிசா. 2023 டூரண்ட் கோப்பையில ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிரா ஒரே கோல் போட்டு கொல்கத்தாவையே கலக்கினாரு. அன்னிக்கு இங்க எத்தனை பேர் "நம்ம பையன்டா"ன்னு மார் தட்டினாங்க! இங்கேயே ஏன் ஆடலைன்னு கேட்டவன் எத்தனை பேர்?

(சென்னை சிட்டியும் ஒண்ணும் யோக்கியம் இல்லை. மான்சி ஜப்பானுக்குப் போனதும் பல்லு போச்சு. 2020-21க்கு அப்புறம் ஐ-லீக்லயே ஆளைக் காணோம். ஜெயிச்ச வருஷம் அந்த டீமோட அஸ்திவாரத்தைப் பத்தி யாராவது பேசினோமா? கோவைக்காரங்ககூட பேசலை.)

"2015 மட்டும் என்னவாம்?"னு ஒரு குரூப் வரும். நல்ல கேள்வி, ஒத்துக்கறேன். அந்த வருஷம் பாதி சீசன்ல கடைசி இடம். அப்புறம் மெண்டோசா பேய் பிடிச்ச மாதிரி ஆடி 13 கோல். டிசம்பர் வெள்ளத்துல ஊரே மூழ்கி, அரையிறுதி ஹோம் மேட்ச்சைப் புனேல ஆட வேண்டிய நிலைமை. ஃபைனல்ல கோவாவுல, 90வது நிமிஷம் வரைக்கும் 1-2ன்னு பின்னாடி இருந்து, கட்டிமணி கையில பட்டு ஓன் கோல் ஆகி, உடனே மெண்டோசா இன்னொண்ணு போட்டு 3-2. அதைப் பார்த்து அழுதவன் நான். ஆனா அதையே திட்டம்னு சொன்னா எப்படிங்க? 2016ல மெண்டோசா இல்லை, நாம பிளேஆஃபும் இல்லை.

இன்னொரு வாதம் இன்னும் மோசம். "கோச்சுக்குத் தெரியாதா?" கிரிகோரி ஆஸ்டன் வில்லாவுக்கே கோச்சா இருந்தவர், மறுக்கலை. அவருக்குத் தெரியறது வேற, நாம பார்க்கறது வேற. 2019-20 ஆரம்பத்துல கோலே விழாம டீம் திணறி, அவர் நவம்பர் கடைசியில கிளம்பினாரு. ஓவன் கோய்ல் வந்தாரு. அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே சாங்தே. "முன்னாடி போய் ஆடுங்கடா"ன்னு அவிழ்த்து விட்டாரு. டீம் நேரா ஃபைனல். வால்ஸ்கிஸ் 15 கோல். ரெண்டு வருஷமா கேலரியில கத்தினவன் சொன்னதும் இதே அட்டாக் விஷயம்தானே?

அப்பவும் நாம திருந்தலை. கோய்ல் காலத்துல ஜெயிச்சிக்கிட்டே போனப்போ "டிஃபென்ஸ் ஓட்டையா இருக்கே"ன்னு சொன்னவனுக்குக் கிடைச்சது அதே பழைய பாட்டு. கோவாகூட அரையிறுதி முதல் மேட்ச் 4-1ன்னு ஜெயிச்சு, ரெண்டாவதுல 2-4ன்னு வாங்கி, 6-5ன்னு மூச்சு வாங்க ஃபைனலுக்கு வந்தோம். 2020 மார்ச் 14, கொரோனா பயத்துல ஆளில்லாத ஸ்டேடியத்துல, ஏடிகே 3-1. கோப்பை போச்சு.

ஒண்ணை மட்டும் தெளிவாச் சொல்லிடறேன். குறை சொல்றதுங்கற பேர்ல ஒரு பாஸ் தப்பினதும் ஆட்டக்காரனோட அம்மாவை இழுக்கற ஜென்மங்களுக்கு இது வக்காலத்து இல்லை. பக்கத்துல உட்கார்ந்து அந்த மாதிரி கத்தறவனை நானே ரெண்டு தடவை "அண்ணே, குழந்தைங்க இருக்காங்க"ன்னு அடக்கியிருக்கேன். அவனுக்கு டீமோட பலவீனம் எதுன்னே தெரியாது. ஜெயிச்சா அவனேதான் "குறை சொல்லாதே"ன்னு முதல்ல குதிப்பான். கவனிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே ஆள்.

கிரிக்கெட்ல நாம இப்படியா இருக்கோம்? 2018ல சிஎஸ்கே ஜெயிச்சப்பவே "கிழவர் படை"ன்னு நாமதான் கிண்டலடிச்சோம். ஜெயிச்ச மறுநாள் ஜாம் பஜார் டீக்கடையில "மிடில் ஆர்டர்ல ஒரு சின்னப் பையன் வேணும்பா"ன்னு பெருசுங்க அலசுவாங்க. யாரும் அவங்களைத் துரோகின்னு சொல்லலை. அங்க குறை சொல்றது உரிமை. கால்பந்துல மட்டும் "இருக்கறதே ஒரு டீம், அதையும் ஏம்பா..."ங்கற பயம். இந்தப் பயம் எனக்குப் புரியுது. 2025 ஆகஸ்ட்ல லீக் நடக்குமான்னே தெரியாம சென்னையின் நிர்வாகம் டீம் வேலைகளை நிறுத்தி வெச்சப்போ எனக்கும் அடிவயிறு கலங்கிச்சு. ஆனா யோசிங்க. 2020-21, 21-22, 22-23 மூணு சீசனும் எட்டாவது இடம். 2024-25ல பதினொண்ணாவது. கேலரி காலியாகிட்டே போச்சு. நொட்டை சொன்னவன் எவனும் சீட்டை விட்டுப் போகலை. அவனை வாயடைச்சாங்களே, "நாங்கதான் உண்மையான ரசிகர்கள்"னு, அவங்கள்ல பாதிப் பேரைத்தான் இப்ப பெரியமேடு பக்கமே காணோம்.

டிஸ்கி: இதைப் படிச்சு மஞ்சள் சட்டை கேரளா நண்பர்கள் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். 2014, 2016, 2022ன்னு மூணு ஃபைனல் போயும் வெறுங்கையோட திரும்பினவங்க நீங்க. எங்க வீட்டு சண்டை, நாங்க பார்த்துக்கறோம் :-)