குழந்தையோடு ஒரு பயணம்

பள்ளி விடுமுறை நெருங்கினால் பல வீடுகளில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். எங்கே செல்வது, எத்தனை நாள் தங்குவது எனத் திட்டங்கள் பிறக்கும். ஆனால், வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தால் அந்தப் பேச்சு பாதியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. “குழந்தை கொஞ்சம் வளரட்டும், பிறகு பார்க்கலாம்” என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். மூத்த பிள்ளைகளின் முகம் வாடிவிடும். இந்த முடிவு சரிதானா?

குழந்தை பிறந்த பிறகு பயணத்தின் வேகம் குறைகிறது என்பதை மறுக்க முடியாது. ஜொகூர் பாருவிலிருந்து தைப்பிங்கில் உள்ள பாட்டி வீட்டிற்குச் செல்லும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரம். முன்பு விடியற்காலையில் புறப்பட்டால், வழியில் ஓரிரு இடங்களில் மட்டும் நின்று பிற்பகலில் சேர்ந்துவிடலாம். இப்போது இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிற்க வேண்டும். அணையாடை மாற்ற வேண்டும். பால் கலக்க வேண்டும். குழந்தையைச் சற்று ஓடியாட விட வேண்டும். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் வாகனங்களில் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதில் அமர மறுத்துக் குழந்தை அழுதால், தூக்கி மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றும். ஓடும் வாகனத்தில் அது ஆபத்தானது. அழுகை நிற்காவிட்டால், பாதுகாப்பான இடத்தில் மகிழுந்தைத்தான் நிறுத்த வேண்டும்.

பார்க்கும் இடங்களிலும் மாற்றம் ஏற்படுகிறது. வழியில் பத்துமலைக்குச் சென்றால் 272 படிகள் காத்திருக்கின்றன. தள்ளுவண்டியோடு ஏற முடியாது. எனவே, ஒருவர் கீழே குழந்தையோடு நிற்க, மற்றவர்கள் மேலே சென்று வருவார்கள். குழந்தைக்கோ குகையைப் பற்றிய கவலையே இல்லை. முருகன் சிலைக்கு முன் கூடும் புறாக்களைத் துரத்துவதே அதற்குப் பெரிய திருவிழா. ஒரு நாளில் ஐந்து இடங்கள் என்றிருந்த திட்டம் ஓர் இடமாகச் சுருங்கிவிடும்.

“சிறு குழந்தைக்கு இவையெல்லாம் நினைவில் நிற்காது, பிறகு எதற்கு இந்தச் சிரமம்?” என்று சிலர் கேட்பர். நினைவில் நிற்காது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால், பயணம் குழந்தைக்காக மட்டும் மேற்கொள்ளப்படுவதில்லை. பேரக்குழந்தையின் முதல் மழலையைக் கேட்கப் பாட்டி வாசலில் காத்திருக்கிறார். தைப்பிங் ஏரிப் பூங்காவில், நீரின்மேல் கிளை தாழ்த்தி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் அவர் தள்ளுவண்டியைத் தள்ளி நடக்கும் மாலைப்பொழுது மூத்த பிள்ளைகளின் நினைவில் நிற்கும். குழந்தை வளரும்வரை பயணம் காத்திருக்கலாம். பாட்டியின் முதுமை காத்திருக்காது.

எனினும், இத்தகைய பயணத்தில் பலர் கவனிக்காத குறை ஒன்று உண்டு. மற்றவர்கள் விடுமுறையை அனுபவிக்கும்போது, தாய்க்கு மட்டும் வீட்டு வேலை இடம் மாறித் தொடர்கிறது. புட்டி கழுவுவது, துணி துவைப்பது, இரவில் விழித்திருப்பது என எல்லாம் அவர் பொறுப்பாகவே இருந்தால், அது அவருக்கு எப்படி விடுமுறையாகும்? ஒருவர் மட்டுமே களைத்துத் திரும்பும் பயணத்தைக் குடும்பப் பயணம் என்று சொல்வது பொருந்தாது. குழந்தையால் பயணம் கெடுவதில்லை. பொறுப்புகள் பகிரப்படாததால்தான் கெடுகிறது.

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பார்கள். பத்துமலையில் தந்தை கீழே நின்றால் தாயும் படியேறலாம். ஓய்விடத்தில் பதினான்கு வயதுப் பிள்ளை அரை மணி நேரம் தம்பியையோ தங்கையையோ பார்த்துக்கொண்டால், அம்மா ஒரு கோப்பைத் தேநீரைச் சூடாகக் குடிக்கலாம். இவை சிறிய உதவிகள்தாம். ஆனால், அடுத்த விடுமுறைக்கும் புறப்படலாம் என்ற துணிவை அவை பெற்றோருக்குத் தரும்.

ஆகவே, குழந்தை இருக்கிறது என்பதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தூரத்தைக் குறைக்கலாம், இடங்களைக் குறைக்கலாம், வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். எத்தனை இடங்களைப் பார்த்தோம் என்பதைவிட, எல்லாரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோமா என்பதே அப்பயணத்தின் வெற்றியைக் காட்டும்.