சுண்டிய நாணயம் தரும் உறுதி

கணினி எல்லாவற்றையும் சல்லடை போட்டுத் தேடிவிடும், இனிக் கணிதத்தில் சிந்தனைக்கு வேலையில்லை என்ற பேச்சை இந்த வாரமும் படிக்க நேர்ந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதற்குச் சாட்சியாக இழுக்கப்பட்டது ராம்சே எண்: புள்ளிகளை இரண்டிரண்டாக இரு நிறக் கோடுகளால் எப்படி இணைத்தாலும், தமக்குள் ஒரே நிறக் கோடுகள் மட்டுமே கொண்ட, சொன்ன அளவிலான ஒரு கூட்டம் தவறாமல் அமைய எத்தனை புள்ளிகள் போதும் என்பதன் மிகச் சிறிய விடை. ஐந்துக்கான ராம்சே எண் 46-ஐத் தாண்டாது என்று 2024-ல் கணினித் துணையோடு காட்டினார்கள். கீழ்வரம்போ 1989 முதல் 43-லேயே நிற்கிறது. 43 புள்ளிகளுக்கிடையே 903 கோடுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிறம் என்றால் இரண்டை 903 முறை பெருக்க வேண்டும். எந்தச் சல்லடை தாங்கும்?

செய்தி கிடக்கட்டும். இந்தப் பத்தி எங்கே சுற்றினாலும் நோகா அலோனும் ஜோயல் ஸ்பென்சரும் 1992-ல் வெளியிட்ட, நிகழ்தகவு முறை பற்றிய புத்தகத்தில் வந்து நிற்கும் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பால் ஏர்டோஷ் 1947-ல் கண்ட வழியோடுதான் அது தொடங்குகிறது. நூறு புள்ளிகள், எந்த இரண்டுக்கும் நடுவே சிவப்பிலோ நீலத்திலோ ஒரு கோடு. எந்தப் பத்துப் புள்ளிகளைப் பொறுக்கினாலும் அவற்றுக்குள் உள்ள 45 கோடுகளும் ஒரே நிறமாகிவிடக் கூடாது. யோசித்து வரைய உட்கார்ந்தால் திணறுவோம். ஏர்டோஷ் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டினார். ஒரு பத்து முழுக்க ஒரே நிறமாகும் வாய்ப்பு 17.59 லட்சம் கோடியில் ஒன்று. நூறிலிருந்து பத்தைப் பொறுக்கும் வழிகள் 17.31 லட்சம் கோடி. ஆகவே கெட்டுப்போகும் பத்துகளின் சராசரி ஒன்றுக்கும் குறைவு. அப்படியானால் ஒரு பத்துகூடக் கெடாத படம் ஒன்றாவது இருந்தே தீர வேண்டும். 'அநேகமாக' என்ற சொல் முடிவில் எங்கும் இல்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுக்காது.

இது வெறும் எண்ணிக்கைக் கணக்குதானே என்பார்கள். இந்த இடத்தில் சரி. ஏர்டோஷும் லாஸ்லோ லோவாஸும் 1975-ல் தந்த துணைத்தேற்றத்துக்கு அந்தப் பதில் போதாது. ஒவ்வொரு நிபந்தனையும் பத்து நாணயங்களைப் பொறுத்தது, 1024-ல் ஒரு முறைதான் மீறப்படும் என்று வையுங்கள். எந்த நிபந்தனையும் மற்ற நிபந்தனைகளில் 375-க்கு மேற்பட்டவற்றோடு நாணயத்தைப் பகிராவிட்டால், நிபந்தனைகள் கோடிக்கணக்கில் இருந்தாலும் எல்லாவற்றையும் நிறைவேற்றும் அமைப்பு உண்டு. குருட்டாம்போக்கில் சுண்டினால் அது கைக்கு வரும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆனாலும் அது இருக்கிறது.

இருக்கிறது என்று சொல்லிவிட்டு எங்கே என்று காட்டாவிட்டால் என்ன பயன் என்பது நியாயமான ஆட்சேபம். பல ஆண்டுகள் பாதிப் பதில்களே கிடைத்தன. சூரிச்சில் மாணவராக இருந்த ராபின் மோசர் 2009-ல் தந்த வழிமுறை வியக்கத்தக்க எளிமை கொண்டது: எல்லா நாணயங்களையும் சுண்டு, மீறப்பட்ட நிபந்தனை ஒன்றைக் கண்டால் அதற்குரிய நாணயங்களை மட்டும் மறுபடி சுண்டு, மீறல் தீரும்வரை இதையே செய். ஒன்றைத் திருத்தப்போய் அடுத்தது கெடாதா? கெடும். ஆனால் திருத்தங்கள் ஓயாமல் நீண்டால், எதை எப்போது திருத்தினோம் என்ற குறிப்பிலிருந்தே சுண்டிய முடிவுகள் அனைத்தையும் மீட்டெடுக்கலாம். அந்தக் குறிப்போ முடிவுகளைவிடச் சிறியது. தற்செயலான வரிசையை அப்படிச் சுருக்க முடியாது; எனவே வேலை விரைவில் நின்றாக வேண்டும். காபோர் டார்டோஷோடு சேர்ந்து இதைப் பொதுமைப்படுத்தியதற்காக இருவருக்கும் 2020-ல் கோடெல் பரிசு கிடைத்தது. தேடலை முடித்துவைத்தது கணினியின் வேகம் என்று இதைப் படித்த பிறகும் எப்படிச் சொல்வது?

ராம்சேயில் மட்டும் ஆட்சேபத்துக்கு இன்னும் வலு இருக்கிறது. புள்ளிகள் பெருகும்போது சுண்டி வரைந்த படம் அநேகமாக நல்லதாகவே அமையும். ஆனால் அது நல்லதுதான் என்று சரிபார்ப்பது மலைப்பான வேலை. நாணயமே இல்லாமல், விதி சொல்லி வரையும் படங்கள் ஏர்டோஷின் 1947 வரம்பை இன்னும் எட்டவில்லை.