மதிப்பூதியம் அன்று, ஊதியம்

1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துறைமுகத் தொழிலாளர்கள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரீந்தனர். வேலை வேண்டுமெனில், வீசியெறியப்படும் ‘சாப்பா’ எனும் வில்லையை ஒருவரோடொருவர் முட்டிமோதிப் பொறுக்க வேண்டும் என்ற இழிநிலையை எதிர்த்ததே அவர்கள் செய்த ‘குற்றம்’.

இன்று அதே கடலோரச் சந்துகளில், வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு உணவும் முன்பருவக் கல்வியும் தருவன அங்கன்வாடிகளே. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கி அரை நூற்றாண்டாகிறது. ஆயினும் அதனைத் தோளில் சுமக்கும் பெண்கள் ஒன்றிய அரசின் ஏட்டில் தொழிலாளர் அல்லர், ‘கௌரவப் பணியாளர்’. 2018இல் அவ்வரசு நிர்ணயித்த மாத மதிப்பூதியமான 4,500 ரூபாய், அடுத்த ஆறாண்டுகளிலும் உயரவில்லை. மாநில அரசுகள் சேர்த்தளிக்கும் தொகையே ஓரளவு ஆறுதல்.

இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டென 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் மாநாடோ இவர்களைத் தொழிலாளராக ஏற்குமாறு அதற்கு முன்பே பரிந்துரைத்திருந்தது. செவிசாய்க்காதது ஒன்றிய அரசே.

குழந்தையைப் பேணுவது அரசின் கடமை எனில், பேணும் கரங்களுக்கு உரிய ஊதியமும் கடமையே. நமது கிளைகள் ஒவ்வொன்றும் தத்தம் பகுதி அங்கன்வாடி ஊழியர்களின் போராட்டத்தில் தோள் கொடுக்கட்டும்.