கம்ப்யூட்டர் வாக்கும் வேதவாக்கா?

ஒரகடம் பக்கத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தலைக்குமேல் ஓடும் கிரேனுக்காகப் புதிதாய் வைத்த உத்தரத்தைக் காட்டி, "இது இவ்வளவு பளுவைத் தாங்குமா?" என்று தொழிலாளத் தோழர் ஒருவர் மேலதிகாரியைக் கேட்டாராம். "கம்ப்யூட்டரே தாங்கும் என்று சொல்லிவிட்டது, அதற்குமேல் உனக்கென்ன கேள்வி?" என்பதுதான் கிடைத்த பதில். "சாஸ்திரம் சொல்லுகிறது, வாயை மூடு" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

கம்ப்யூட்டர் செய்வதுதான் என்ன? இரும்பு வளைவதையும், சூடு பரவுவதையும், காற்று ஓடுவதையும் கூறும் கணக்குகளுக்குப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று பெயர். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காகிதத்தில் நேராக விடை காண முடியாது. ஆகவே யந்திரமானது பொருளைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு உத்தேசமாக ஒரு விடை சொல்லுகிறது. உத்தேசம் தவறினால்? 1991 ஆகஸ்டு 23ந் தேதி நார்வே நாட்டில், ஸ்லீப்னர் என்னும் எண்ணெய்க் கிணற்று மேடையின் கான்கிரீட் அடிப்பாகம் சோதனையின்போதே கடலில் மூழ்கிற்று. துண்டுகளைச் சரியாகப் பிரிக்காததால், சுவரை அறுக்கும் விசையைக் கம்ப்யூட்டர் 47 சதவிகிதம் குறைத்துச் சொல்லியிருந்தது!

அப்படியானால் யந்திரத்தை உடைத்தெறியச் சொல்லுகிறோமா? இல்லவே இல்லை. அதனிடமும் கணக்குக் கேள் என்கிறோம். கணித அறிஞர்கள் அப்படியே கேட்டார்கள். மூன்றில் ஒன்றை 0.333 என்று வெட்டிவிடாமல், "0.333க்குக் குறையாது, 0.334க்கு மிகாது" என்று இரண்டு எல்லைகளாக எழுதச் செய்தார்கள். துண்டு போட்டதால் வரும் பிழைக்கும் இப்படியே எல்லை கட்டினார்கள். முடிவில், "உத்தேச விடைக்கு இன்ன தூரத்துக்குள் உண்மையான விடை ஒன்று இருந்தே தீரும்" என்பது நிரூபணமாகிறது. ஜப்பானிய அறிஞர் நகாவோ 1988-ல் ஒருவகைச் சமன்பாடுகளுக்கு இவ்வழியைக் காட்டினார். ஆய்லர் 1757-ல் வெளியிட்ட திரவ ஓட்டச் சமன்பாடுகளில், சுவரோரமாய் ஒழுங்காகத் துவங்கும் ஓட்டத்தின் சுழற்சியும் குறித்த காலத்துக்குள் அளவின்றிப் பெருகக்கூடும் என்பதற்கு, 2022-ல் ஜியாஜி சென், தாமஸ் ஹௌ ஆகிய இருவரும் கம்ப்யூட்டர் துணையோடு நிரூபணம் வெளியிட்டார்கள்.

இதிலும் மயக்கம் கூடாது. ஒரு முழுக் கார் மோதி நசுங்குவதற்கு இத்தகைய நிரூபணம் இன்றுவரை இல்லை. அன்றியும், நிரூபணம் சமன்பாட்டுக்கு மாத்திரமே ஜவாப்தாரி. மட்டமான இரும்பை வாங்கிப் போட்டவனுக்கு ஜவாப்தாரியாகாது. ஒரகடத்து வாகன ஆராய்ச்சி நிலையத்தில் மெய்யான காரையே மோதிப் பார்க்கிறார்களே, பின் எதற்காக?

ஆகவே தோழர்களே! "கம்ப்யூட்டர் சொல்லிற்று" என்று எவராவது சொன்னால், "எவ்வளவு பிழைக்குள் சொல்லிற்று? சரிபார்த்தவர் யார்?" என்று கேளுங்கள். இதை அதிகப்பிரசங்கித்தனம் என்பார்கள். சொல்லட்டும். உத்தரத்தின் கீழே நிற்பது அவர்கள் தலையல்ல, உங்கள் தலை.