நாலாவது வருஷத்து நிம்மதி

கல்யாணத் தரகர் ஒருவர் பெண் வீட்டாரிடம் வருகிறார். "பிள்ளை தங்கக் கம்பி. சிகரெட்டு கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஜலதோஷம் என்று ஒரு நாள் படுத்தது கிடையாது" என்று அரை மணி நேரம் பேசுகிறார். தட்டு மாற்றிக்கொண்டாகிவிட்டது. வெற்றிலை பாக்கை மடியில் முடிந்துகொண்டு எழுந்திருக்கும்போது குரலைச் சற்றுத் தாழ்த்தி, "மூன்று வருஷத்துக்கு நான் பொறுப்பு. நாலாவது வருஷம் பையன் ஏறுமாறாகப் போனால் என்ன செய்வீர்கள்? இன்றைக்கே 15,000 ரூபாய் கொடுத்து வைத்தால் அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அந்தத் தரகர் வாசற்படியைப் பத்திரமாகத் தாண்டுவாரா?

மோட்டார் கார் விற்கிறவர் தாண்டுகிறார். பணத்தையும் வாங்கிக்கொண்டு தாண்டுகிறார். 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்று அதற்குப் பெயர். நீட்டித்த உத்தரவாதம் என்று வைத்துக்கொள்வோம்.

வண்டிக்குப் பணம் கட்டும் நாளில்தான் இந்தப் பேச்சு எழும். மாலை, எலுமிச்சம்பழம், குழந்தைகளின் கூச்சல், போட்டோ பிடிக்கிறவரின் அவசரம். இவற்றுக்கு நடுவே கடன் பாரங்களில் இருபது கையெழுத்துப் போட்டவருக்கு இருபத்தோராவது கையெழுத்து எப்படிக் கனக்கும்? 9,00,000 ரூபாய் விலைக்குப் பக்கத்தில் 15,000 ரூபாய் தூசி மாதிரித் தெரிகிறது. அதே மனிதர் மறுநாள் காலையில் கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்கு வாதாடுவார்.

அவரை நான் பரிகசிக்கவில்லை. அவர் பயப்படுகிறார். அரை மணிக்கு முன்பு வரை அவருக்கு அந்தப் பயம் இல்லை. "எஞ்சின் உறுதி, கியர் பாக்ஸ் உறுதி, பத்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்" என்று கேட்டுத்தான் அவர் கையெழுத்துப் போட்டார். அதே வாய்தான் இப்போது "ஏ.ஸி. கம்ப்ரஸர் போனால் என்ன ஆகும் தெரியுமா, ஸார்? எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் போனால்?" என்று கேட்கிறது. இரண்டில் எது மெய்? வண்டி உறுதியானது என்பது மெய்யானால் இந்தப் பணம் வீண். உறுதியில்லை என்பது மெய்யானால், அதைச் சொல்லாமல் விற்றதற்கு என்ன பெயர்? இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து விற்க ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தைத்தான் வியாபாரத் திறமை என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் இப்போது பெரும்பாலான புதுக் கார்களுக்கு மூன்று வருஷ உத்தரவாதம் விலையோடு வந்துவிடுகிறது. விற்கப்படுவது நாலாவது, ஐந்தாவது வருஷங்கள். பணம் இன்று போகிறது. பாதுகாப்பு மூன்று வருஷம் கழித்து ஆரம்பமாகிறது. 15,000 ரூபாயை நூற்றுக்கு ஆறரை வட்டியில் பாங்கில் போட்டு வைத்தால் மூன்று வருஷத்தில் 18,000 ரூபாய்க்கு மேல் ஆகும். காரின் கடனோடு அதையும் சேர்த்துவிட்டார்களா, தீர்ந்தது. ஒன்பது சத வட்டியில் ஐந்து வருஷத் தவணை கட்டி முடிக்கும்போது நீங்கள் கொடுத்தது 18,600 ரூபாயைத் தாண்டியிருக்கும். "இன்றைக்கே வாங்கினால் மலிவு, பிறகு விலை ஏறும்" என்பார்கள். ஏறும்தான். ஆனால் முதல் உத்தரவாதம் முடிவதற்குள் என்றைக்கு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலான கம்பெனிகளின் ஷரத்து இருக்கிறது. இரண்டரை வருஷம் ஓட்டிப் பார்த்து, வண்டியின் குணம் தெரிந்த பிறகு வாங்குகிறவருக்குக் கொஞ்சம் கூடுதல் விலை நஷ்டமே ஆகாது. மாலை போடும் நாளில் மட்டும் இதை யாரும் சொல்வதில்லை.

அந்த மூன்று வருஷத்திலும் ஒரு கதை இருக்கிறது. நாட்டில் அதிகமாகக் கார் விற்கும் மாருதி கம்பெனி 2024 ஜூலை வரை இரண்டு வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்றுதான் உத்தரவாதம் கொடுத்துவந்தது. மூன்றாவது வருஷம் வேண்டுமென்றால் தனியாகக் காசு. அந்த ஜூலையில் அது மூன்று வருஷம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் என்று மாறிற்று. மாறியது நல்லதுதான், பாராட்டுகிறேன். ஆனால் ஜூன் மாதம் தனி விலைக்கு விற்ற பயத்தை ஜூலை மாதம் இலவசமாக நீக்க முடிந்தது என்றால், இரும்பு ஒரே இரவில் கெட்டிப்பட்டுவிட்டதா என்ன? 1998-ல் ஹூண்டாய் கம்பெனி அமெரிக்காவில் பத்து வருஷம் அல்லது 1,00,000 மைல் என்று எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் உத்தரவாதம் அறிவித்தது. அப்போது அங்கே அதன் கார்களுக்கு நல்ல பெயர் இல்லை. பெயரை மீட்க வேண்டியிருந்தது. பயம் வாங்குகிறவனுக்கா, விற்கிறவனுக்கா என்பதைப் பொறுத்துத்தான் நாலாவது வருஷத்துக்கு விலை உண்டா இல்லையா என்பது தீர்மானமாகிறது போலும்.

உத்தரவாதம் என்ற நல்ல வார்த்தை மோட்டார் வியாபாரத்தில் இன்று நேற்றுக் கெடவில்லை. 1955 மே மாதத்தில் அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி ராஜ்யத்தில் ஒருவர் அன்னையர் தினத்துக்காக மனைவிக்கு ஒரு புது பிளிமத் கார் வாங்கிக் கொடுத்தார். பத்தாவது நாள் அந்த அம்மாள் நிதானமான வேகத்தில் போய்க்கொண்டிருக்கையில் அடியில் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. ஸ்டியரிங் கையை மீறிச் சுழன்றது. கார் வலது பக்கம் திரும்பி ஒரு சுவரில் மோதிற்று. அப்போது அது ஓடியிருந்த தூரம் 468 மைல். நஷ்ட ஈடு கேட்டபோது கம்பெனி ஒப்பந்தத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டிற்று. 90 நாள் அல்லது 4,000 மைலுக்குள் கெட்ட பாகத்தை மாற்றித் தருவோம். அதற்கு மேல் சட்டப்படியோ வேறு எப்படியோ எங்களுக்குப் பொறுப்பே கிடையாது. பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒன்றுகூடி ஒரே வாசகத்தை வைத்துக்கொண்டிருந்ததால், வாங்குகிறவனுக்கு வேறு கடையும் இல்லை. ஹென்னிங்ஸன் வழக்கு என்று பிரசித்தி பெற்ற அந்த வழக்கில், 1960-ல் நியூ ஜெர்ஸி உச்ச நீதிமன்றம் அந்தப் பொடி எழுத்தைச் செல்லாது என்று தள்ளிற்று. தலைப்பில் உத்தரவாதம், உள்ளே கைவிரிப்பு. இந்தப் பத்திரத்துக்கு முன்னோர் யார் என்று கேட்டால் அதுதான்.

சந்ததியும் அங்கேயே செழித்திருக்கிறது. 'உங்கள் காரின் உத்தரவாதம் முடியப் போகிறது' என்று யந்திரக் குரலில் டெலிபோன் செய்த ஒரு கூட்டம், 2021-ல் மூன்றே மாதத்தில் 500 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகளை விடுத்ததாகக் கண்டுபிடித்து, 2023-ல் அந்நாட்டுத் தகவல் தொடர்புக் கமிஷன் சுமார் 30 கோடி டாலர் அபராதம் போட்டது. மறு வருஷம் கார்ஷீல்டு என்ற கம்பெனி, பழுதானால் செலவெல்லாம் எங்களுடையது என்ற தோரணையில் விளம்பரம் செய்து ஜனங்களை ஏமாற்றியதாக அங்குள்ள வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு அது விவகாரத்தை முடித்துக்கொண்டது.

நம் ஊரில் அவ்வளவு தூரம் போகவில்லை. நம்மவர்கள் மரியாதையாகக் காபி கொடுத்து விற்கிறார்கள். பத்திரத்தைப் படித்தால்தான் சுவை தெரியும். உற்பத்தியில் நேர்ந்த கோளாறுக்குத்தான் இந்த உத்தரவாதம். ஆகவே கிளச்சுத் தட்டு கிடையாது, பிரேக் கட்டை கிடையாது, டயர் கிடையாது, பாட்டரி கிடையாது, ரப்பர் சாமான்கள் கிடையாது. இவை தேய்வது இயற்கை. எலி ஒயரைக் கடித்தால் கிடையாது. அது எலியின் குற்றம். வெளியில் ஒரு ஹாரனோ, பாட்டுப் பெட்டியோ பொருத்துவதற்காக ஒயரை வெட்டியிருந்தால் அந்த மின்சார இணைப்பைச் சேர்ந்த எதுவும் கிடையாது. சர்வீஸுக்குக் குறித்த தேதி தவறியிருந்தால் கிடையாது. வெள்ளத்தில் மூழ்கினால் கிடையாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்களுக்குக் கைகொடுக்க வேண்டியிருந்தது இன்ஷூரன்ஸ். அதிலும் தண்ணீர் புகுந்த எஞ்சினைக் கிளப்பிக் கெடுத்தவர்களுக்கு, தனிக் கட்டணம் கட்டிய எஞ்சின் பாதுகாப்பு இருந்தால்தான் உண்டு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருக்கிற குடும்பங்கள் எத்தனையோ. வாடகைக்கு ஓட்டினால் பல ஒப்பந்தங்கள் அறவே செல்லாது. ரிப்பேரானால் அன்றைய அடுப்பே எரியாத டாக்ஸிக்காரனுக்கு இல்லாத நிம்மதி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவருக்கு மட்டும் உண்டு.

இவ்வளவும் போக மிச்சம் இருப்பது உற்பத்திக் கோளாறா, உபயோகித்தவரின் கோளாறா என்று தீர்ப்புச் சொல்வது யார்? டீலரின் பட்டறை மானேஜரும் கம்பெனி அதிகாரியும். பிரதிவாதியே நீதிபதி. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருக்கிறார். நாலாவது வருஷம் அவர் காரின் ஏ.ஸி. நின்றுவிட்டது. முன்பக்கத்துக் கண்டென்ஸரில் சிறு துளை. "கல் பட்டிருக்கிறது, வெளித் தாக்குதல், உத்தரவாதத்தில் வராது" என்றார்கள். கல்லை யார் பார்த்தார்கள்? நாற்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்தினவர் அவர். ஒரு பிள்ளையைப் பெயிலாக்கினால் காரணத்தை எழுதிக் காட்டுவார். இவர்களிடம் எழுத்தில் காரணம் கேட்டு மூன்று முறை நடந்தார். வரவில்லை. இந்த வயதில் எதற்கு என்று பணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

"என்ன இருந்தாலும் ஒரு நிம்மதி" என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்த வியாபாரத்துக்கு இருக்கும் ஒரே கௌரவமான வாதம் அதுதான். குடும்பத் தலைவன் இறந்தால், வீடு எரிந்தால், நம் கார் மோதி இன்னொருவர் உயிர் போனால், ஒரு குடும்பம் எழுந்திருக்க முடியாது. அதற்குத்தான் இன்ஷூரன்ஸ், மூன்றாம் மனிதருக்கு நேரும் தீங்குக்குச் சட்டமே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றும் மோட்டார் கெட்டால் குடும்பம் தெருவுக்கு வருமா? ஒரு மாதம் கையைக் கடிக்கும், அவ்வளவுதான். கையைக் கடிப்பதற்கெல்லாம் காப்பு வாங்கிக்கொண்டிருந்தால், காப்பு விற்கிறவன்தான் கொழுப்பான். சராசரியாக நமக்குத் திரும்பி வருவதைவிட அதிகமாக வசூலித்தால்தானே அவனுக்குக் கட்டுபடி?

விலை உயர்ந்த ஆட்டோமாட்டிக் கியர் பாக்ஸ், டர்போ எஞ்சின் இவற்றைக் கொண்ட கார்களில் ஒரு பழுது லட்ச ரூபாயைத் தொடக் கூடும். அப்படிப்பட்ட வண்டி வாங்கினவர், கையில் சேமிப்பு இல்லாதவர், இந்தப் பத்திரத்தை வாங்கட்டும். நான் தடுக்கவில்லை. ஆனால் நாலு வருஷம் தாங்குமா என்று தயாரித்தவருக்கே சந்தேகமுள்ள ஒரு யந்திரத்தை முழு விலைக்கு விற்றுவிட்டு, சந்தேகத்துக்கு வேறு விலை வாங்குவது நியாயமா என்ற கேள்வி அப்போதும் நிற்கிறது. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், அந்தச் சரக்கில் வியாபாரம் செய்கிறவன் விற்கும் பொருள் விற்பனைக்கு லாயக்கான தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி இத்தனை காலம் ஆகிறது.

எனக்கு 15,000 ரூபாயைவிட வேறொன்றுதான் உறுத்துகிறது. ஒவ்வொரு சர்வீஸும் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில், கம்பெனியின் சாமானைக் கொண்டு, கம்பெனி சொல்லும் விலைக்கு நடந்தாக வேண்டும்; தப்பினால் உத்தரவாதம் ரத்து. இந்தக் கயிற்றை நாலாவது, ஐந்தாவது வருஷத்துக்கும் இழுத்துக் கட்டிக்கொள்ள நாமே காசு கொடுக்கிறோம். அமெரிக்காவில் 1975-ஆம் வருஷச் சட்டம் ஒன்று, உத்தரவாதத்தைக் காட்டி 'எங்கள் பட்டறைக்கே பணம் கொடு' என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. நம் நாட்டில் போட்டிக் கமிஷன் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச் சந்தைக்கு விடாமல் அடைத்து வைத்ததற்காக அந்தத் தண்டனை. வெளி மெக்கானிக் கை வைத்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை ஒரேயடியாக ரத்து செய்யக் கூடாது என்றும் அதே உத்தரவில் சொல்லிற்று. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. ஷோரூமில் இந்த உத்தரவைப் பற்றி யாராவது பேசக் கேட்டிருக்கிறீர்களா?

தெருமுனையில் இருக்கும் மெக்கானிக்கை நினைத்துப் பாருங்கள். சத்தத்தைக் கேட்டே பேரிங்கா, பெல்ட்டா என்று சொல்லக் கூடியவர். பழைய பாகத்தைக் கையில் கொடுத்து, "இதுதான் போயிருந்தது, பாருங்கள்" என்று காட்டுகிறவர். அவருக்கும் உத்தரவாதம் உண்டு. மறுபடி கெட்டால் அதே முகத்தை மறுநாள் தெருவில் பார்த்தாக வேண்டும். அந்தக் கூச்சத்துக்கு ஈடான ஷரத்து எந்தக் கம்பெனியின் பத்திரத்தில் இருக்கிறது? ஐந்து வருஷம் அவர் கை படாமல் வண்டியை விலக்கி வைத்துவிட்டு, ஆறாவது வருஷம் வண்டி கிழடான பிறகு அவரிடம் கொண்டு தள்ளுகிறோம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு விற்கப்படும் உத்தரவாதம் இன்னும் சொற்பம். ஆறு மாதம், ஒரு வருஷம். பெரும்பாலும் எஞ்சினும் கியர் பாக்ஸும் மட்டும். 'வாங்குவதற்கு முன்பே இருந்த கோளாறு' விலக்கு. பழைய காரில் எந்தக் கோளாறுதான் முன்பே இல்லாதது? அந்தப் பணத்தில் ஒரு பங்கை, விற்கிறவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கூலியாகக் கொடுத்து வண்டியைக் காட்டுங்கள். சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். இன்ஷூரன்ஸில் விபத்துக்குப் பணம் வாங்கியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

புதுசோ பழசோ, வாங்கித்தான் தீருவேன் என்கிறவர்கள் 'கிடையாது' என்ற பகுதியை முதலில் படிக்கட்டும். படித்துவிட்டுத் தகராறு என்று வந்தால் நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து வழியும் கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், பாங்கில் வேலை பார்க்கிறவர், போன வருஷம் கார் எடுக்கப் போனபோது மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லி, அந்தப் பகுதியை மானேஜரையே உரக்கப் படிக்கச் சொன்னார். நாலாவது ஷரத்தில் மானேஜருக்கு இருமல் வந்தது. ஆறாவது ஷரத்தில், "வேண்டுமானால் பிறகு கூட எடுத்துக்கொள்ளலாம், மேடம்" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.