கூல் மச்சி, கூல்!

பண்ருட்டியில் பஸ் ஏறி நெய்வேலிப் பக்கம் வருகிறவர்களுக்குக் காடாம்புலியூர் தெரிந்திருக்கும். ரோட்டோரம் முந்திரித் தோப்பு, சீசன் நேரத்தில் பலாப்பழ வாசம். நல்ல வெயிலில் அங்கே ஒரு கடையில் தண்ணி பாட்டில் கேட்டேன்.

"கூலிங்கா, சாதாவா தம்பி?"

"கூலிங் குடுங்கண்ணே."

அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. அன்றைக்குத்தான் செமஸ்டர் ரிசல்ட். என் நண்பனுக்கு நாலு அரியர். வீட்டில் எப்படிச் சொல்வது, கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸ் என்று பத்து வரிக்கு எழுதியிருந்தான். ஒரு கையில் பாட்டில். இன்னொரு கையால் நான் அனுப்பிய பதில்: "கூல் மச்சி". கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு எமோஜி.

ரொம்ப நாள் கழித்து அவனே சொன்னான்: "நீ கூல்னு அனுப்பினதுக்கு அப்புறம் உன்கிட்ட எதையும் சொல்லத் தோணலடா."

அன்றிலிருந்து இந்த வார்த்தை எனக்கு உறுத்துகிறது. நீங்களே யோசிச்சுப் பாருங்க, இதை எத்தனை விஷயத்துக்குத்தான் பயன்படுத்துறோம்! கூல்டிரிங்க்ஸில் வருவது நிஜமான குளிர்ச்சி. கூலிங் கிளாஸில் பாதி வெயிலுக்கு, பாதி கெத்துக்கு. 'கூலான சார்' என்றால் அட்டெண்டன்ஸில் கெடுபிடி பண்ணாதவர். 'அவன் செம கூல்' என்றால் எதற்கும் அலட்டிக்காதவன். வெறும் 'கூல்' என்றால் ஓகே, பேச்சு முடிஞ்சுது.

ஆங்கிலத்திலும் இது ரொம்பப் பழைய சொல். முதலில் லேசான குளிர், பிறகு நிதானம், பிறகு ஒட்டாத மனசு. ஸ்டைல் என்ற அர்த்தம் பரவியதில் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மைல்ஸ் டேவிஸ் 1957இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. நிறவெறி நிலவிய நாட்டில், உள்ளே எவ்வளவு கொதித்தாலும் முகத்தில் காட்டினால் அவர்களுக்கு ஆபத்து. அவர்களுக்கு அது கவசம். நாம் அதை எமோஜி ஆக்கிவிட்டோம்.

நம்ம தமிழ் என்ன செய்கிறது? தண்ணீர் என்றாலே தண்மையான நீர், குளிர்ந்த நீர். அதைச் சூடாக்கிவிட்டு 'சுடுதண்ணி' என்கிறோம்! பயம் போனவனைப் பார்த்து 'குளிர் விட்டுப் போச்சா?' என்று கேட்கிறோம். அங்கே குளிர் என்றால் பயம். ஆனால் கண் குளிரப் பார்க்கிறோம், வயிறு குளிரச் சாப்பிடுகிறோம், மனசு குளிர வாழ்த்துகிறோம். இதில் எல்லாம் ஒன்றைக் கவனியுங்க. யாரோ ஒருத்தர் எதையோ கொடுத்ததால்தான் குளிர்ச்சி வருகிறது. ஆடி மாசம் மாரியம்மனிடம் 'குளிர்ந்து போ தாயே' என்று வெறும் வாயால் சொல்வதில்லை. மஞ்சத்தண்ணி, வேப்பிலை, ஒரு குடம் கூழோடு போகிறோம். நான் நண்பனுக்கு அனுப்பிய கூலில் அந்தக் கூழ் இல்லை.

சரி, நாம இன்ஜினியரிங் பசங்க. அந்தக் கணக்கிலும் பார்த்துடுவோம். நெய்வேலி அனல்மின் நிலையத்தில் இடுப்பு ஒடுங்கிய பெரிய கோபுரங்கள் இருக்கே, அதுதான் கூலிங் டவர். மேலே வெள்ளையாகப் போவதைப் புகை என்று நினைப்போம். அது நீராவியும் பொடிப்பொடி நீர்த்துளியும்தான். கண்டென்சரில் சூடேறிய தண்ணியை உள்ளே தூவி விடுவார்கள். அதில் கொஞ்சம் ஆவியாகும்போது மீதித் தண்ணியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிலோ தண்ணி ஆவியாக ஏறக்குறைய 2400 கிலோஜூல் வேண்டும். கணக்குப் போட்டால், 100 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானாலே மீதி 99 லிட்டரும் கிட்டத்தட்ட 6 டிகிரி ஆறிவிடும்.

ஆக, கூலிங் என்றால் சூடே இல்லாத மாதிரி நடிப்பது இல்லை. சூடு வெளியே போக வழி விடுவது. மேலே மூடி போட்டுவிட்டு 'கூலா இரு' என்று டவரிடம் சொன்னால் தண்ணி ஆறுமா?

வைவாவுக்குப் போகிறவனிடம் 'கூல்டா' என்று சொல்லுங்க, தப்பே இல்லை. கூடவே நிற்கிறோமே, அந்தத் தைரியம் அவனுக்குப் போதும். ஆனால் பத்து வரி எழுதி அனுப்புகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை மூடிதான். அவன் சொல்ல வந்ததில் நூறில் ஒரு பங்கையாவது காது கொடுத்துக் கேளுங்க. அரியரை நம்மால் க்ளியர் பண்ண முடியாது. ஆறு டிகிரி குறைக்க முடியும்.

அடுத்த ரிசல்ட் வரும்போது கறுப்புக் கண்ணாடி எமோஜியைத் தேடாதீங்க. கால் பண்ணுங்க. "எங்கடா இருக்க? வரேன்"னு சொல்லுங்க. போகும்போது ரெண்டு கூல்டிரிங்க்ஸ் வாங்கிட்டுப் போங்க. கூலிங்காவே!