படையிலிருந்து வீடு திரும்புவோர்



சில திங்களுக்கு முன் ஒரு நாள் காலைப் பூசை முடிந்து பூசையுடுப்பைக் களைந்துகொண்டிருந்த வேளையில், கைம்பெண் ஒருவர் வந்து கதவோரம் நின்றார். கையில் ஒரு பை நிறையத் தாள்கள். கணவர் தரைப்படையில் பதினேழு ஆண்டு பணியாற்றித் திரும்பியபின், வங்கியொன்றில் காவலராயிருந்து மாரடைப்பால் மறைந்தவர். எட்டு மாதமாகியும் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. காரணம் இதுதான்: படை ஏட்டில் இருப்பது அவருடைய வீட்டுப் பெயர், ஆதார் அட்டையில் இருப்பது திருமுழுக்குப் பெயர். திருமணம் முடித்து அவசரமாய் முகாமுக்குத் திரும்பிய கணவர், எழுத்தரிடம் தாம் அழைக்கும் பெயரையே சொல்லிவிட்டார். அதைத் திருத்த வேண்டுமென்று பின்னர் எவருக்கும் தோன்றவில்லை. உயிரோடிருந்தபோது அவரே விண்ணப்பித்திருந்தால் எளிதில் முடிந்திருக்கும்.

நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் இரண்டு பெயர், மூன்று பெயர் வழங்குவது புதிதன்று. ஆனால் எழுத்தருக்கு இரண்டு பெயர் என்றால் இரண்டு பெண்கள்!

நாட்டைக் காத்தவர் வீடு திரும்பினால் எல்லாம் தாமாக நடக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பதினைந்து ஆண்டுப் பணி முடித்த சிப்பாய்க்கு ஓய்வூதிய உரிமை உண்டு என்பது உண்மையே. ஆயினும் அவர் திரும்புகிறபோது வயது நாற்பதை ஒட்டியே இருக்கும். பிள்ளைகள் பள்ளியில் படிப்பார்கள். வீட்டுக் கடனும் இருக்கும். பணிக்கொடையாகவும் சேமநிதியாகவும் ஒருசேரக் கைக்கு வரும் தொகையைப் பங்காளிகளும் சீட்டுக்காரரும் அவருக்கு முன்பே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். இரண்டே ஆண்டில் அது கரைந்துபோனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பணத்தைவிடப் பெரிய இடர் வீட்டுக்குள் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை விடுப்பில் பெட்டியோடு வந்தவரைப் பிள்ளைகள் விருந்தாளியாகவே அறிவார்கள். குடும்பத்தைத் தனியே நடத்திப் பழகிய மனைவியிடம், விடியற்காலை நான்கரை மணிக்கே எழுந்து ஆணையிடத் தொடங்குவார் அவர். அவர் சொல்லுக்கு இருபது பேர் அசைந்த காலம் போய், சொந்த மகனே திரும்பிப் பார்ப்பதில்லை. மாலையானால் கான்டீன் புட்டி. இதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கண்டித்துப் பிரசங்கம் செய்தவர்களில் நானும் ஒருவன். தனிமை என்று அதை அறிந்துகொள்ள எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

இஞ்ஞாசியார் வாழ்வை நினைத்துப் பாருங்கள். 1521-இல் பம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்த படைவீரர், முப்பது வயதைக் கடந்தபின் பார்சலோனாவில் சிறுவரோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்றார். கட்டணமின்றிக் கற்பித்த ஆசிரியர் ஒருவரும், செலவுக்கு உதவிய சீமாட்டி ஒருவரும் அவருக்கு வாய்த்தனர். அந்த இருவரை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம்.

உதவிகள் இல்லாமலில்லை. மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உண்டு. நம் மாநிலத்தில் 1986-இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் பலருக்குக் காவல் பணி தருகிறது. 2003-இல் ஏற்பட்ட மருத்துவத் திட்டம் குடும்பத்துக்கும் பயன்படும். அதற்கென அட்டை பெற்றிருத்தல் வேண்டும். மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளில் நூற்றுக்குப் பத்து இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. பத்தாம் வகுப்புத் தேறிப் பதினைந்தாண்டு பணியாற்றியவரைப் பட்டதாரிக்கு நிகராகக் கொள்ளும் விதியும் அப்பிரிவில் உண்டு. ஆனால் இடம் இருப்பது வேறு, தேர்வெழுதித் தேறுவது வேறு. பதினெட்டு வயதில் புத்தகத்தை மூடியவருக்கு அதை மீண்டும் திறந்துகொடுக்க யாராவது வேண்டும். நம் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர்!

2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. நான்கு ஆண்டு முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரையே நிலைத்த பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர் என்பது அத்திட்டம். மற்றவர்க்குச் சற்றேறக்குறைய 11.71 இலட்சம் ரூபாய் உண்டு, ஓய்வூதியம் இல்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் அத்தொகையோடு வீடு வரும் பிள்ளையை முதலில் சந்திப்பவர் இருசக்கர வண்டி விற்பவராக இருத்தல் ஆகாது.

நாம் இதுவரை செய்தது என்ன? திருவிழாவில் தேருக்கு முன் கயிறு பிடிக்கவும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் முன்னாள் படைவீரரை அழைக்கிறோம். மறுநாள் அவர் எப்படியிருக்கிறார் என்று கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்தச் சகோதரிக்காக நம் திருமண ஏட்டின் சான்றிதழையும், இரு பெயரும் ஒருவரே என்னும் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைத்து, நல அலுவலகம் வழியாக வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் பதிவேட்டு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை. அதுவரை வின்சென்ட் தே பவுல் சபையார் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

வரும் மாத முதல் ஞாயிறன்று இரண்டாம் பூசைக்குப் பின், நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் பங்கு அலுவலகத்தில் அமர்ந்திருப்பார். படையில் பணிபுரிவோரின் மனைவியரும் பெற்றோரும், ஓய்வுபெற்றோரும் படைவிலகல் ஏடு, ஓய்வூதிய ஆணை, ஆதார் அட்டை ஆகியவற்றைத் தவறாமல் கொண்டுவாருங்கள். திருமுழுக்கு ஏட்டையும் திருமண ஏட்டையும் நானே எடுத்து வைத்திருப்பேன்.